எண்ணெய்க்குள்ளே ஒரு பிடி

போன அமாவாசைக்கு முந்தின நாள் என் வண்டி கத்தியது. கத்தியதே தவிர, நகரவில்லை.

ஊரைத் தாண்டினால் ஏரிக்கரை ஏற்றம். தினம் ஏறும் இடம்தான். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சத்தம் ஏறியது. வண்டி ஏறவில்லை. சைக்கிளில் வந்தவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது திரும்பி வேறு பார்த்தார்.

பின் சீட்டில் மச்சான் ஏழுமலை. என் வீட்டுக்காரியின் தம்பி. சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறான். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்காக வந்திருந்தான்.

“கியர் பாக்ஸ் போச்சு மாமா.”

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துதேடா.”

“எல்லாரும் நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருக்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலில் சாமந்தி போட்டிருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கொண்டுபோவேன். கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொள்வார். போன இரண்டு தடவையும் நான் லேட். “இன்னொரு வாட்டி இப்படி வந்தீனா, அவலூர்பேட்டை ஆளுகிட்ட வாங்கிக்கறேன். அப்புறம் என்னாண்ட வராத” என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் மனிதனே தொங்கிக்கொண்டு போகிறான்... பூ மூட்டைக்கு எங்கே இடம்?

மெதுவாக முறுக்கினால் நகர்ந்தது. அப்படியே உருட்டிக்கொண்டு செஞ்சி ஷோரூமுக்குப் போனோம். இலவச சர்வீஸ் முடிந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே?

சர்வீஸ் கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தார். வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வந்து இறங்கி ஒரே கேள்வி கேட்டார்.

“ஆயில் எப்ப மாத்துனீங்க? என்ன ஆயில்?”

மச்சான் முந்திக்கொண்டான். “நேத்து நான்தான் மாத்தினேன் மேடம். கார் ஆயில். இருக்கறதுலயே காஸ்ட்லி. எங்க ஓனர் வண்டிக்கு ஊத்தினது போக மீதி. தண்ணியா வழுக்கும்.”

உண்மை. எனக்குச் சீர் மாதிரி கொண்டுவந்தான். வெற்றிலை பாக்கு ஒன்றுதான் வைக்கவில்லை. பழைய எண்ணெயை இறக்கி, அவன் கையாலேயே ஊற்றினான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “வழுக்குதுன்னு சொன்னீங்க இல்ல அண்ணா... அதான் பிரச்சனை. இப்படி வாங்க.”

ஷோரூம் மூலையில் ஒரு எஞ்சினைப் பாதியாக அறுத்து ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நானும் முன்பு பார்த்திருக்கிறேன். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறேன்.

இந்தத் தடவை நின்று பார்த்தேன்.

“கார்ல கிளட்ச் வெளியில காஞ்சு கெடக்கும். கியருக்கு வேற எண்ணெய். இதுல பாருங்க... எஞ்சின், கிளட்ச், கியர் மூணுக்கும் ஒரே எண்ணெய்தான்.”

கிளட்ச்சைக் காட்டினார். அப்பளம் அடுக்கினதுபோல வட்டத் தகடுகள். கைப்பிடியை அழுத்தினால் தகடுகள் விலகுகின்றன. விட்டால் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தில்தான் சக்கரம் சுற்றுகிறது. எல்லாம் எண்ணெய்க்குள் ஊறிக்கொண்டே.

எனக்கு அங்கேயே நின்றுவிட்டது மனசு. எண்ணெய் என்றால் வழுக்க வேண்டும். அதுதானே எண்ணெய்? பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும், கியர் பல்லும் பல்லும் தேயாமல் வழுக்க வேண்டும். அதே எண்ணெய், அதே நேரம், இரண்டு அடி கூடத் தள்ளி இல்லை — இந்தத் தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் விட வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். எனக்கு யோசித்துப் பார்க்கவே தலை சுற்றியது.

மச்சான் கிக்கரைக் கையால் அழுத்தினான். பல் சக்கரங்கள் சத்தமில்லாமல் சுற்றின. நான் இத்தனை வருஷம் காலால் மிதித்தது இவர்களைத்தான். ஒருநாளும் முகம் பார்த்ததில்லை.

“நல்ல எண்ணெய்தானே மேடம் அது?” என்றான் மச்சான். குரல் இறங்கிவிட்டது.

“நல்ல எண்ணெய்தான். காருக்கு.”

விலை அதிகம் என்றால் நல்லது. நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது... இப்படித்தானே நினைக்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கி நாமும் விழுங்குகிறோம். வண்டிக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கே துப்பியிருக்கும்.

சரியான எண்ணெய் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, மறுபடி புதுசு ஊற்றினார்கள். பழசின் வாசனை கூட மிஞ்சக் கூடாதாம்.

“கியர் பாக்ஸைத் தொட வேணாம்ணா. தகடு தேஞ்சிருக்கலன்னா பிடிச்சுக்கும். தேஞ்சிருந்தா பிரிச்சுத்தான் ஆவணும்.”

“எப்பத் தெரியும்?”

“லோடு ஏத்தினாத் தெரியும்.”

மறுநாள் விடிந்ததும் லோடு ஏற்றினேன். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு, நடுவில் மச்சான்.

ஏரிக்கரையில் வேகத்தோடு வந்ததால் ஏறிவிட்டது. அதை நான் நம்பவில்லை. வளத்தி ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் முன்னால் போன ஸ்பெஷல் பஸ் நின்றுவிட்டது. நானும் நிற்க வேண்டியதாயிற்று. முழு லோடு, மேடு, நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

பஸ் நகர்ந்தது. முதல் கியர். முறுக்கிக்கொண்டே கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். உள்ளே அந்தத் தகடுகள் ஒன்றையொன்று தேடுவது கண்ணுக்குத் தெரிந்தது போல் இருந்தது.

சத்தம் ஏறியது. வண்டியும் ஏறியது.

“பிடிச்சிக்கிச்சு மாமா,” என்றான் மூட்டைக்கு நடுவிலிருந்து.

கடைக்கார அக்கா என்னைப் பார்க்கவில்லை. பூவைத்தான் பார்த்தார். கை விட்டுக் கிளறிப் பார்த்தார். “எறக்கி வெய்யி. அடுத்த அமாவாசைக்கு இன்னொரு மூட்டை சேத்துக் கொண்டா.” அவ்வளவுதான். அவலூர்பேட்டை பற்றிப் பேச்சே இல்லை.

நான் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினேன். மச்சான் வண்டி பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தான். எஞ்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

அம்மனையே எட்ட நின்றுதானே கும்பிடுகிறோம்?