'ரன் அவே'க்கு ஓர் உதாரணம்

ஓய்வுபெற்ற பிறகு, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பெண்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்றுத்தருகிறேன். வகுப்பில் இருப்பவர்களின் பெயரை வைத்தே உதாரண வாக்கியம் சொல்வது என் வழக்கம். சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் பலகையில் 'ரன் அவே' என்று எழுதினேன். யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போவது என்று பொருள் சொல்லிவிட்டு, "காமாட்சியின் மகள் ரன் அவே" என்றேன்.

கல்யாணம் நெருங்கியபோது அந்தப் பெண் காணாமல் போனதை டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். சிரிப்பார்கள் என்று, தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். காமாட்சி எழுந்தார்.

"எம்பொண்ணு ஒண்ணும் ஓடிப்போவல சார். படிக்கணும்னு அழுதா. நான்தான் பஸ்ஸு ஏத்தி வுட்டேன்."

பக்கத்தில் அவருடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தார். "அப்ப எங்கண்ணன்கிட்ட ஒண்ணுந் தெரியாதுன்னு சத்தியம் பண்ணீங்களே, அண்ணி?" என்றார்.

மறுநாளே கணவர் அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். கருவேப்பிலங்குறிச்சியில் தம்பி வீட்டில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"புள்ளய ஓடிப்போனவள்னு சொன்னா எப்டிங்க சார் கேட்டுக்கினு இருக்கறது? அதான் வாய வுட்டுட்டேன்" என்று, தவறு தன்னுடையது போலச் சொன்னார். உள்ளே போய் டீ போட்டு வந்து கொடுத்தார்.

திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.