பசிக்கும்போது கேட்கும் பாடம்

ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அப்படிப்பட்டவனுக்கு உயிரியல் டீச்சர் மனைவியாக வாய்த்தாள். விஜயநகர் வீட்டு முன்னறையில் பி.யு.சி. பிள்ளைகளுக்கு, அதாவது இந்த ஊர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, அவள் டியூஷன் எடுப்பாள். ஓட்டுகிற ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து, நான் திரைக்குப் பின்னால் சமையலறையில் கிடப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத வெள்ளிக்கிழமைகளில் அவள் சாயங்காலம் வரை பச்சைத்தண்ணி மட்டும்தான். செல்கள் உணவை எப்படி உடைக்கின்றன, அதை வைத்து உடம்பை எப்படிக் கட்டுகின்றன என்ற பாடத்தை வேண்டுமென்றே அப்படியொரு வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்வாள்.

"காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல. ஆனா கத்திக்கிட்டு நிக்கறேன். எதை வெச்சு?"

"கொழுப்பு, மிஸ்."

"அவசரப்படாத. மொதல்ல கல்லீரல்ல சேத்து வெச்ச சர்க்கரை. அது தீரத் தீரத்தான் கொழுப்பு. கொழுப்பு எப்படி இருக்கும்னு பாக்கணும்னா, திரைக்குப் பின்னாடி ஒரு குடோன் இருக்கு."

பிள்ளைகள் சிரிக்கும். எனக்கு விரதமெல்லாம் ஒத்துவராது. அந்த நேரம் பார்த்து வடையைக் கடிப்பேன்.

"சத்தம் கேக்குதா? அங்க இடிக்கற வேலை ஆரம்பிச்சாச்சு. இடிச்சதை வெச்சு செல்லு திரும்பவும் கட்டும். அவர் விஷயத்துல கட்டறது கொஞ்சம் ஜாஸ்தி."

பாடம் முடிந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "என்னங்க, சோறு எடுத்து வைங்க."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இந்த லெந்தில், அவளுக்காக ஒரு வெள்ளிக்கிழமையாவது இருந்து பார்ப்போம் என்று நானும் பட்டினி கிடந்தேன். மத்தியானம் கண் இருட்டியது. அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "மொதல்ல கல்லீரல்ல சேத்து வெச்ச சர்க்கரை." ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். காலி நாற்காலிகள். பயத்தில் ஒரு வாழைப்பழத்தைத் தின்றேன். குரல் நின்றுவிட்டது.

அதிலிருந்து சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். ஈஸ்டர் போயும் விடவில்லை. வயிறு நிறைந்தால் அவள் போய்விடுவாள், காய்ந்தால் வருவாள். குடோன் காலியானது. பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். உருப்படியாக நான் கவனித்த ஒரே பாடம் அதுதான்.

ஒருநாள் சாயங்காலம், அவளிடம் படித்த ஒரு பெண் பிஸிபேளேபாத் டப்பாவும் பொரித்த அப்பளமுமாக வந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பேச்சு கன்னடம்.

"ஊட்டா ஆய்தா, அங்கிள்?"

"சாப்பாடு ஆச்சும்மா. பாயசத்தோட."

அந்தப் பெண் என் இடுப்புக் கயிற்றையே பார்த்தாள். "கொழுப்பும் தீர்ந்தா உடம்பு எதை எடுக்கும்னு மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நான் திரைக்குப் பின்னாடி உக்காந்த ஸ்டூடண்ட்டு. அட்டெண்டன்ஸ் கிடையாது."

"தசை, அங்கிள். இதயமும் தசைதான்." டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குரல் வந்தது. சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் வரிசையாக. பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தியது. கடைசியில், "என்னங்க, சோறு எடுத்து வைங்க."

இன்னொரு தடவை சொல்வாளா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டேன். வீடு அடங்கிப்போனது.

டப்பாவோடு வந்த அப்பளத்தை எடுத்தேன். முடிந்த மட்டும் சத்தமாகக் கடித்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.