கல் உருக்குபவனின் வெள்ளிக்கிழமைகள்

கல்லை உருக்கி, மறுபடியும் கல்லாக்கி, அதற்குள் எது எங்கே போய் இருந்துகொண்டது என்று பார்ப்பது என் தொழில். செய்கிற வேலையைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாமல் கலியாண வீடுகளில் முழிக்கும் சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளக்கம் இவ்வளவுதான். உருகிய பாறை ஆறும்போது எல்லாம் ஒரேயடியாக இறுகுவதில்லை. முதலில் சில படிகங்கள் முளைக்கும். மற்றதெல்லாம் குழம்பாகவே கிடக்கும். பாறையில் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் ஒளிந்திருக்கும் மூலகங்களில் சில, ஓடிப்போய்ப் படிகத்துக்குள் இடம்பிடிக்கும். சில கடைசிவரை குழம்பிலேயே நிற்கும். என் பங்குக்கு வாய்த்தது ஈயம். அது படிகத்துக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு இரண்டு பரிசோதனைகளில் ஒரேமாதிரி வரவேண்டும். வருட முடிவுக்குள் வந்தால் ஆய்வுகூடத்தில் என் ஒப்பந்தம் நீளும். வராவிட்டால், என் மனைவி தாரணியின் அக்கா இருக்கும் மெல்பேர்னுக்கு மூட்டை கட்டுவது. அக்காவுக்கு என் ஈயத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. எங்களுக்கு அறையே ஒதுக்கிவிட்டார்.

செட்டியார் தெருவில்

கல் உருக்கும் கிண்ணங்களான மூசைகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை, துறைமுகத்தில் எங்கோ படுத்துவிட்டன. பொறுமை என்பது எனக்குக் கிட்டவும் வராது. பொற்கொல்லர் சாமான் விற்கும் ஒரு கடைக்கு நேரே போய், தங்கம் உருக்கும் மூசை கேட்டேன். எத்தனை பவுண் உருக்கப் போகிறேன் என்று முதலாளி மரியாதையாக விசாரித்தார். தங்கமில்லை, கல் என்றேன். கல்லை உருக்கினால் என்ன வரும் என்றார். கல்தான் வரும் என்றேன்.

மூசையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "கல்லுதான் வரும்னா, அத எதுக்கு சார் உருக்குறீங்க? அதான் ஏற்கெனவே கல்லா இருக்கே."

மாளிகாவத்தை ஹாஜியார்

மிகச் சிறிய அழுக்கையும் கண்டுபிடிக்கிற ஆள் என்று என்னைப்பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹாஜியார் மாணிக்க வியாபாரி. வெளிறிய நீலக்கல் ஒன்றைக் கொண்டுவந்து, இதற்குள் இருக்கிற அழுக்கையெல்லாம் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். நீலம் என்பதே, கல் வளரும்போது உள்ளே போன துளி இரும்பும் துளி டைட்டேனியமும்தான். அதுகளை எடுத்தால் மிஞ்சுவது நிறமில்லாத வெறுங்கல்.

அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப இவ்வளவு காலமும் நாங்க அழுக்குக்குத்தான் சல்லி குடுத்திருக்கோம். இத நீங்க வெளிய ஒருத்தருக்கும் செல்ல வாணாம், தம்பி."

சேலைக் கடையில் அடுப்பு

உலையை வேகமாக ஆறவிட்டால் படிகம் வளராது. மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இடையில் கரண்ட் போனால் எல்லாம் பாழ். அப்படி அது ஆறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாரணியோடு வெள்ளவத்தையில் சேலைக் கடையில் நின்றேன். கடை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். உலையின் சிவப்பு லைட் எரிகிறதா என்று கேட்க, ஆய்வுகூடக் காவலாளி பண்டாவுக்குப் போன் எடுத்தேன். திரும்பவும் எடுத்தேன். மூன்றாம் தரம் எடுத்தபோது, தாரணி விரித்த பச்சைச் சேலையைப் பார்த்து "சிவப்பு லைட் எரியுதோ?" என்று கேட்டேனாம். விற்கிற பிள்ளை சிரித்துவிட்டாள்.

பண்டா தனக்குத் தெரிந்த தமிழில் என்னை ஆறுதல்படுத்தினான்: "அடுப்பு இருக்கு சேர். நானும் இருக்கு. நீங்க நோனாவோட சாரி பாருங்க."

மோதிரம்

கணக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஈயம் முந்தினதைவிடக் கூடிக்கொண்டே போனது. எங்கேயோ இருந்து வெளி ஈயம் உள்ளே வருகிறது. தண்ணீரை மாற்றினேன், கையுறையை மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். கடைசியில் கலியாண மோதிரத்தையும் கழற்றி வீட்டு மேசையில் வைத்தேன்.

தாரணி அதை எடுத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டாள். "ஆக்கள் வேற பொம்பிளைக்காகத்தான் இதைக் கழட்டுறவை. எனக்கு வந்து வாய்ச்சது கல்லு."

பரமேஸ்வரி அக்கா

ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்குவது கொட்டாஞ்சேனைப் பரமேஸ்வரி அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை நான் வழமையைவிட வெள்ளென போய்விட்டேன். அக்கா கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். உலைக்கு ஒரு குங்குமப் பொட்டு. தராசுக்கு ஒன்று. பிறகு, நான் கல்லை மாவாக அரைக்கும் கல்வத்தின் விளிம்பிலும், உள்ளே சிந்தச் சிந்த, தாராளமாக ஒன்று. நான் சோர்ந்துபோய் இருப்பதைப் பார்த்து வைக்கத் தொடங்கினாராம். தடவைக்குத் தடவை நான் மேலும் சோர, பொட்டும் பெரிதாகியிருக்கிறது.

அந்தக் குங்குமத்தையே ஈயம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஈயம் கொட்டிக் கிடந்தது. சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். எனக்காகக் கும்பிட்டு வந்த மனுசியிடம் எப்படிச் சத்தம் போடுவது? கோபத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி, இது நெற்றிக்கும் நல்லதில்லை, இனிமேல் பொட்டை வாசல் நிலையில் மட்டும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "இத்தன வெள்ளிக்கிழமை வச்சும் சரிவரலைன்னா, வைக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க சேர்."

மார்கழி

புதுக் கல்வத்தில் அரைத்த இரண்டு பரிசோதனைகளும் அச்சொட்டாக ஒத்து வந்தன. ஈயம் படிகத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. அநேகமாக எல்லாமே குழம்பில்தான் நின்றது. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் எண்களை இரண்டு தரம் பார்த்துவிட்டு என் ஒப்பந்தத்தை நீட்டக் கையெழுத்து வைத்தார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது சந்தோசம் தொண்டைவரை நின்றது. எங்கள் மாடிப்படியில் ஏறத் தொடங்கியதும் அது இறங்கிவிட்டது. எனக்கு இது வெற்றி. அக்காவிடம் போகக் காத்திருந்த தாரணிக்கு இது மெல்பேர்ன் இல்லை என்பது.

அந்த ஃபிளாட்டில் நாங்கள் சுவரில் ஒன்றுமே மாட்டியதில்லை. போகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம் என்று, கலியாணத்துக்கு வந்த மணிக்கூடு இன்னும் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே கிடந்தது. நான் சொல்லி முடித்ததும் தாரணி குசினிக்குள் போனாள். மெல்பேர்ன் அக்காவின் அழைப்பு வந்து, அடித்து ஓய்ந்தது. தேத்தண்ணி கொண்டுவந்தவளின் கண் சிவந்திருந்தது. கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "குடிச்சிட்டுப் போய் ஆணி வாங்கிக்கொண்டு வாங்கோ. மணிக்கூட்டையாவது கொழுவுவம்."

கல்லை உருக்கத் தெரிந்தவனுக்கு வெள்ளவத்தை கொங்கிரீட் சுவரில் ஓர் ஆணி இறக்கத் தெரியாது என்பதை, மூன்று ஆணி வளைந்த பிறகு, தாரணிதான் சுத்தியலை வாங்கி எனக்கு விளங்கப்படுத்தினாள்.