ஓரத்து விதையின் மொட்டைத் தலை

உலர்செடிக் காப்பகத்தில் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி அக்கா என்றே அழைப்பார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். கோடு சுத்தம் என்று யாரோ எடுத்துச் சொல்ல, நூல்களுக்காகச் செடிகளை வரையும் வேலைக்கு வந்து சேர்ந்தார். தூசு அவருக்கு ஜென்ம விரோதி. காய்ந்த செடி எதுவாயினும், மெல்லிய தூரிகையால் துடைத்த பிறகே பென்சிலைத் தொடுவார்.

அந்தப் பழக்கமே ஒருநாள் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

சாமந்திக் குடும்பத்து மஞ்சள் காட்டுப்பூ ஒன்றை வரைந்து முடித்திருந்தார். பார்வைக்கு அது ஒரே பூ. உண்மையில் ஒரு கூட்டம். இதழ்களாகத் தோன்றுபவை ஓரப் பூக்கள். நடுவில் நெருக்கியடித்து நிற்பவை குழல் பூக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை. குழல் பூக்களின் விதைகளுக்கு உச்சியில் மயிர்க்குஞ்சம் வரைந்திருந்தார். ஓரத்து விதைகளை மொட்டையாக விட்டிருந்தார்.

நூலை எழுதும் ஆய்வாளர், வயதில் இளைய பெண், படத்தின் மேல் குனிந்தார்.

"அக்கா, ஓரத்துல குஞ்சம் நிஜமாவே இல்லையா? இல்ல, உங்க பிரஷ் பட்டுப் போயிடுச்சா?"

அக்கா தூரிகையை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். "பஞ்சு மாதிரி ஏதோ வந்துச்சும்மா. தூசின்னு நினைச்சுத் துடைச்சுட்டேன்."

"அய்யய்யோ! தலை வாரிவிடச் சொன்னா மொட்டையே போட்டுட்டீங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேரினத்தை அதன் உறவுகளிலிருந்து பிரித்தறிய ஓரத்து விதையில் குஞ்சம் உண்டா இல்லையா என்பதே அடையாளம். காப்பகத்தில் இருப்பதோ இந்த ஒரே செடி. அதைக் கெடுத்திருந்தால், இனி யார் நம்பித் தம் மேசைக்கு ஒரு செடியை அனுப்புவார்கள்?

அவர் முகம் வெளுத்ததைக் கண்ட ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க. விரியாத மொட்டு ஏதாவது இருக்கா பாருங்க. அதுக்குள்ள உங்க பிரஷ் நுழைஞ்சிருக்காது."

இலைக்கு அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, பச்சைச் செதில்களை ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கினார்கள். நுண்ணோக்கியில் முதலில் கண் வைத்தவர் ஆய்வாளர். கண்ணை எடுக்காமல் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சொல்லித் தொலையேன்!"

"நீங்களே பாருங்க."

அக்கா பார்த்தார். நடுவில், பின்னால் விதையாகப் போகும் இளஞ்சூல்களின் தலையில் வெண்மயிர் குத்திட்டு நின்றது. ஓரத்தில் இருந்தவை வழவழவென்று, எதுவுமே முளைக்காத மொட்டைகள்.

"பிறவியிலேயே மொட்டைடி!" என்று கத்தியேவிட்டார். "அப்ப நான் துடைச்சது?"

"நடுப் பூவுல உதிர்ந்த நாலு மயிர். அங்க இன்னும் காடா கிடக்கு. படம் சரிதான், அக்கா."

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இனிமே துடைக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க."

"தும்முறதுக்கே உன்னைக் கேட்டுட்டுத்தான் தும்மப் போறேன்" என்றார் அக்கா.