சகலை வீணடித்த முதல் அழைப்பு

ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்து நான் இதுவரை உருப்படியாக அடித்து வீழ்த்தியது ஃபிஜோவாக் காய்களை மட்டும்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் ஆக்லாந்தில் வீட்டுக்கு வீடு காய்க்கும், கொய்யா மாதிரியான இந்த ஃபிஜோவாவை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை. பழுத்தால் அதுவே விழும். குனிந்து பொறுக்கினால் போதும். பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் மரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் அலுவலகம் போகும் நேரம் பார்த்து விழுமோ, வேலிக்கு அந்தப் பக்கம் விழுமோ என்று சந்தேகம். ஆகவே இலையுதிர் காலம் வந்தால் கராஜிலிருந்து அந்த மட்டையை எடுத்துவந்து கிளைகளை உலுக்கி, கன்னத்தை இழுக்கும் பச்சைக் காய்களை வாளி நிறையச் சேர்த்து, மனைவியிடம் திட்டு வாங்குவேன்.

மட்டை என் சகலையுடையது. அதாவது என் மனைவியின் தங்கை கணவர். பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தபோது, “இது இங்கேயே இருக்கட்டும்” என்று என் கராஜில் சாய்த்துவிட்டுப் போனார். ஏன் கொண்டுபோகவில்லை என்று அன்றே சந்தேகப்பட்டேன். சகலைகளுக்கு நடுவே அது இயல்பான உணர்ச்சிதான். ஒரே மாமனார் வீட்டில் இரண்டு இலைகள் போடப்படும்போது, பக்கத்து இலையில் எத்தனை வடை என்று பார்க்காத மாப்பிள்ளை உண்டா?

எங்கள் ஊர்த் தமிழர்கள் குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஹாக்கி ஆடுவார்கள். ஆணும் பெண்ணும் கலந்த அணிகள், பேட்டைக்கு ஒன்று. சகலை இங்கே இருந்த காலத்தில் மவுண்ட் ரோஸ்கில் அணிக்கு நான் மேனேஜர். பிளாட் புஷ் அணிக்குச் சகலை. பருவம் தொடங்குமுன் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவோம். புதிதாக ஆட வந்தவர்கள் சுவரோரம் நிற்க, மேனேஜர்கள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போன வருஷம் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் அழைப்பு. அது வேண்டாமென்றால், அந்த அழைப்பை இன்னொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடமிருந்து தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு விதியும் உண்டு. மூன்று வருஷம் தொடர்ந்து கடைசியில் வந்தால் அணியையே கலைத்துவிடுவார்கள். மேனேஜர் உட்பட எல்லோரும் சுவரோரம் போய் நிற்க வேண்டியதுதான்.

நாங்கள் இரண்டு வருஷம் கடைசி. அலுவலகத்தில் என் பதவியை எனக்கே விளக்கத் தெரியாது. மைதானத்தில் ‘மேனேஜர்’ என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை. சகலையின் அணியில் ஒரு மலேசியத் தமிழர் இருந்தார், சென்டர் ஃபார்வர்டு. பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். முதல் அழைப்பைக் கொடுத்து அவரை வாங்குவது என்று முடிவு செய்தேன். மண்டபத்துக்குப் பின்னால், காகிதத் தட்டில் தயிர் சாதத்தோடு நின்றிருந்த சகலையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“வேண்டாம் சகலை,” என்றார் அவர். “புதுசா ஒரு ஆளை எடுங்க. ஓடத் தெரிஞ்சாப் போதும். ரெண்டு வருஷம் அடி வாங்குவாங்க, அப்புறம் நிப்பாங்க.”

“எனக்கு ரெண்டு வருஷம் எங்க இருக்கு? இந்தத் தடவையும் கடைசின்னா டீமே இல்ல.”

“கடைசிக்கு முந்தின இடம் போதும்ல? அதுக்கு எதுக்கு ஸ்டாரு?”

“அப்போ உங்களுக்கு மட்டும் எதுக்கு?”

அவர் சிரித்தார். “நல்ல மனுஷன்தான். நான் இல்லைங்கல. ஆனா போன மாசம் அவர் வீட்ல கேசரி சாப்பிட்டோமே, எதுல உக்காந்து சாப்பிட்டோம்னு கொஞ்சம் யோசிங்க.”

நான் யோசிக்கவில்லை, சந்தேகப்பட்டேன். அணி கலைந்தால் என் ஆட்களைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார். அதனால்தான் பச்சைப் பிள்ளைகளை எடுத்துத் தோற்கச் சொல்கிறார். அப்படித் தீர்மானித்து, தயிர் சாதம் காயும் வரை வற்புறுத்தி மலேசியரை வாங்கினேன். சகலை என் முதல் அழைப்பை வைத்து, நர்சிங் படிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்திருந்தாள். எனக்கு வந்த திருப்தியை மறைக்க நான் மோர் குடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பருவத்தின் முதல் பாதி என் வாழ்க்கையின் பொற்காலம். மலேசியர் கோல் மேல் கோல் போட்டார். நான் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்று, எல்லாம் என் திட்டப்படி நடப்பதுபோல் தலையசைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மைதானத்தில் சகலை தோற்றுக்கொண்டிருந்தார். கழுவி வைத்த ஐஸ்கிரீம் டப்பாவில் ஆரஞ்சுத் துண்டுகள் கொண்டுவந்து, தோற்ற தன் அணிக்கு நீட்டுவார். முதல் துண்டு எப்போதும் அன்றைக்கு மோசமாக ஆடியவருக்கு. இது என்ன தந்திரம் என்று வெகுநேரம் யோசித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மலேசியர் என் தோளில் கை போட்டார். “பாஸ், பெர்த்ல வேலை கிடைச்சிருச்சு லா. அடுத்த வாரம் கிளம்புறோம்.”

அப்போதுதான் அந்தக் கேசரி என் தொண்டையில் இறங்கியது. அது அவருக்குக் குடியுரிமை கிடைத்ததற்கான விருந்து. மனுகாவில் நடந்த குடியுரிமை விழாவில் அவர் உறுதிமொழி சொன்னபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன் நான். அவர் வீட்டுக் கூடத்தில் சோபா இல்லை; மடக்கு நாற்காலிகள். என்ன எளிமை என்று வியந்தவனும் நான்தான். இந்த ஊரில் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கியும் சோபா வாங்காத தமிழன் எங்கே போகப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர்க் கடவுச்சீட்டு இருந்தால் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கத் தனி விசா வேண்டாம்; அது வந்ததும் அவன் அங்கே வேலை தேட ஆரம்பித்துவிடுவான். ஊருக்கெல்லாம் தெரிந்தது ஹாக்கி மேனேஜருக்கு மட்டும் தெரியவில்லை.

மிச்ச ஆட்டங்கள் எல்லாவற்றிலும் தோற்றோம்; பின்பாதியில் தேறிய சகலையின் அணிகூட எங்களை முந்த, மூன்றாவது வருஷமும் கடைசியில் வந்து அணி கலைந்தது. என் சந்தேகம் இப்போது திசை மாறியது. ‘வேண்டாம்’ என்று சொன்னால் நான் பிடிவாதம் பிடிப்பேன் என்று தெரிந்தேதான் சகலை வேண்டாமென்றார். போகிற ஆளை என் தலையில் கட்டிவிட்டு முதல் அழைப்பைப் பறித்துக்கொண்டார். இதை மனைவியிடம் சொன்னேன். “அவர் வேண்டாம்னுதானே சொன்னார்?” என்றாள். “அதுதான் சூழ்ச்சி,” என்றேன். அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் நாங்கள் சுவரோரம் நின்றோம். எங்கள் கோல்கீப்பர், ஊரிலேயே சிறந்தவர், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வேறு வேலையாக வந்தவன் போல நின்றேன். எங்களை விட்டால் பட்டியலின் அடியில் இருந்தது சகலையின் அணி. ஆகவே முதல் அழைப்பு அவருக்கு. இதோ, வேஷம் கலையப்போகிறது என்று கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகலை எழுந்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, என் பெயரைச் சொன்னார்.

மண்டபத்தில் ஒரே சிரிப்பு. “அங்கிள், சீரியஸ்லி?” என்று நர்சிங் பெண் அவரிடமே கேட்டாள். கோல்கீப்பரை வேறு அணி உடனே அள்ளிக்கொண்டது. என் ஆட்களில் வேறு யாரையும் சகலை கூப்பிடவில்லை. அத்தனை நாள் வளர்த்த சந்தேகம் நிற்க இடமில்லாமல் போனது. அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ஏன் என்னை?

இரண்டு பருவங்கள் அவருக்குக் கீழே ஆடினேன். பெரும்பாலும் ஆரஞ்சு நறுக்கினேன். துடைப்பம் பிடித்த பெண் நடுக்களத்தில் வேரூன்றி நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். “அங்கிள், ஜஸ்ட் ஸ்டே தேர்,” என்று ஒருமுறை கத்தினாள். அசையாமல் நின்றேன், பந்து என் மட்டையில் பட்டு வெளியே போனது, எதிரணி போடவிருந்த கோல் தவறியது. ஹாக்கியில் எனக்குக் கிடைத்த ஒரே பயனுள்ள யோசனை அதுதான். அந்த வருஷம் கோப்பை பிளாட் புஷ்ஷுக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் சகலைக்கே பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. அவர் வீட்டில் சோபா இருந்ததால் நான் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பெண் முழு நர்ஸ்; பிளாட் புஷ் மேனேஜரும் அவள்தான். ஆளை மாற்றிக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும், “நோ, தாங்க்ஸ்” என்கிறாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் மட்டையோடு நின்றபோது சகலை வீடியோவில் வந்தார். “பழுத்தா அதுவே விழுமே சகலை,” என்றார். எனக்குச் சட்டென்று தைரியம் வந்தது. எத்தனையோ வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். கோல்கீப்பரை விட்டுவிட்டு, முதல் அழைப்பை எனக்காக வீணடித்தாரே. என்னிடம் அப்படி என்ன கண்டார்? மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அதுவா?” என்றார். “உங்களைக் கடைசி வரைக்கும் செவுத்தோரமா நிக்க வச்சிருந்தா, அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எனக்கு ஒரு மாசம் சோறு போட்டிருக்க மாட்டாங்க சகலை.”