அக்கா போட்ட பூட்டு

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அக்கா மகள் மீனா என்னைக் கைகாட்டினாள். "அன்னிக்கு அந்த மாடியில நீங்கதான இருந்தீங்க மாமா?" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனராக, ஓட்டலில் மாவாட்டுபவனாக, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் எடுபிடியாக என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தேன். அக்கா வாழ்ந்த காலத்தில் முக்கால்வாசி நான் மதுரையில் இல்லை. மீனா சொன்ன அந்த நாளில் மட்டும் கூடவே இருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது மதுரை செல்லூரில். அப்பா விசைத்தறிக் கூடங்களுக்குச் சுமை தூக்கியவர். அக்கா பத்தாம் வகுப்பு தேறியதும் அதே கூடங்களில் ஒன்றில் தறி ஓட்டப் போனார். கல்யாணம் பக்கத்துத் தெருவிலேயே முடிந்தது. மச்சான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். மீனா நாலாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா அம்மாவிடமே திரும்பி வந்தார். ஓர் அறை, தகரக் கூரை, மூன்று பேர். தறி ஓடினால் கூலி. கரண்ட் போனால் அன்றைக்குக் கூலியும் போச்சு.

அம்மாவும் அதற்கு முன்பே அப்பாவை இழந்திருந்தார். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் எங்கே நிற்பது, தட்டு வரும்போது எப்படி ஒதுங்குவது என்பதை அம்மா அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்டிப்பினால் அல்ல. மகளை வேறு யாராவது நாலு பேர் முன்னால் ஒதுங்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "நாமளா ஒதுங்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகடி" என்பார்.

அக்கா இருந்த மகளிர் குழுவில் ஒரு நாள் சேதி வந்தது. சூரிய மின்தகடு பொருத்தும் வேலைக்குப் பயிற்சி. மூன்று மாதம். மதியச் சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பார்கள். கடைசியில் தேர்வு உண்டு, தேறியவர்களை ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அக்கா பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தறிக்கூட முதலாளி, "போறதுன்னா போம்மா. தறிய சும்மா நிறுத்தி வைக்க முடியாது, வேற ஆள் போட்டுருவேன்" என்றார். மறு வாரமே போட்டும் விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்காவுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. தேறியே ஆக வேண்டும்.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. தலையில் மஞ்சள் தொப்பியும் காலில் கனத்த பூட்ஸுமாக அக்கா நடந்தால், "என்னக்கா, பைக் வாங்காமயே ஹெல்மெட் வாங்கிட்டியா?" என்பார்கள். அக்கா விட்டுக்கொடுக்க மாட்டார். "ஒன் தலையில ஒண்ணும் இல்ல, ஒனக்குத் தேவைப்படாதுடா. எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார்.

அந்தப் பயிற்சியில் எல்லோர் கையிலும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுப்பார்கள். அதில் அவரவர் பெயர் எழுதிய அட்டை தொங்கும். சாவி ஒன்றே ஒன்று. பயிற்சியாளர் ஜெபராஜ் சார் தினமும் சொல்லும் பாடம் இது: "கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சு உங்க பூட்டைப் போடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கணும். போட்டவங்கதான் திறக்கணும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." ஒருவர் உள்ளே வேலை செய்யும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டு உயிர் போனதெல்லாம் உண்டாம். அக்கா அந்தச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தாலி கழற்றிய கழுத்தில் கயிற்றைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழற்றச் சொல்லவில்லை.

தேர்வு ஒரு நிஜ வீட்டில்தான். தகடுகளைத் தாங்கும் சட்டம் போடுவதிலிருந்து சுவிட்சைப் போட்டுக் கரண்ட் கொடுப்பது வரை தேர்வு எழுதுபவர் தன் கையால் செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வார். அக்காவுக்குக் கிடைத்தது மதுரையை ஒட்டிய பரவையில் புதிதாகக் கட்டிய ஒரு வீடு. வீட்டுக்காரர் வெங்காய மண்டி வைத்திருப்பவர். நான் அப்போது ஒரு வேலையை விட்டு அடுத்த வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். தகடுகளை மாடிக்கு ஏற்றும் கூலியாளாகச் சார் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

சில நாள் வெயிலில் வேலை நடந்தது. கிரகப்பிரவேசத்தன்று, நல்ல நேரம் முடிவதற்குள் சூரிய கரண்டில் விளக்கு எரிய வேண்டும் என்பது மண்டிக்காரரின் ஆசை. அன்று காலையில் தகடுகளை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தாயிற்று. மாடிப்படி முடியும் இடத்தில் சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டி திறந்திருந்தது. அதிகாரி மீட்டர் வைத்துப் பார்த்து முடித்து, "சரியா இருக்கும்மா. இனி சுவிட்ச் மட்டும்தான்" என்றார். அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் மண்டிக்காரரின் மனைவி குங்குமமும் பூவும் வைத்த தட்டோடு மேலே வந்தார். மாடியில் இருந்த ஒரே பெண் அக்காதான். நேரே அவரிடம் நீட்டினார்.

அக்கா ஓர் அடி பின்னால் போனார். "எனக்கு வேணாம்க்கா" என்றார்.

எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்கு அது வராது. தட்டு அப்படியே நின்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மண்டிக்காரர் சாரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எங்கள் காதில் விழும் தூரம்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நல்ல காரியம் பாருங்க. சுவிட்சை மட்டும் வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

"தேர்வு சார் இது. அந்தம்மாதான் போடணும். இல்லன்னா தேற முடியாது."

"அப்ப ஒங்க தேர்வை வேற வீட்ல வச்சுக்கங்க."

வேறு வீடு என்றால் அடுத்த பயிற்சி அணியோடுதான். அதுவரை சோற்றுக்கு என்ன செய்வது? தறியும் இல்லை. அக்கா கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மண்டிக்காரரின் மச்சினன் கீழே போய் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் கொண்டுவந்துவிட்டார். "எதுக்கு இம்புட்டுப் பேச்சு மாமா? தெளிச்சு விட்டாச் சரியாப் போச்சு" என்று தகடுகள் மேல் தெளித்தார். அதனால் ஒன்றுமில்லை, மழை பட்டாலும் தகடு தாங்கும். பிறகு அவர் திரும்பிச் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து நடந்தார். பெட்டி திறந்து கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் கரண்ட் இருக்கும். சுவிட்சைப் போடாவிட்டாலும் அந்த முனையில் இருக்கும். மச்சினன் கை முழங்கை வரை ஈரம்.

"இதுலயும் ரெண்டு சொட்டு" என்று மாவிலையைச் சொம்பில் முக்கினார்.

அக்கா பாய்ந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். "அண்ணே, கிட்ட வராதீங்க!"

"என்னம்மா, தொடக் கூடாதவ நீ, என்னையத் தொடாதங்கிறியா?"

"செத்துருவீங்கண்ணே!"

அவர் நிற்கவில்லை. அக்காவை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சொம்பு சரிந்து தண்ணீர் அக்காவின் பூட்ஸ் மேல் கொட்டியது. "தம்பி, தார்ப்பாய இழு! மூடு! எல்லாத்தையும் மூடு!" என்று கத்தினார். அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நானும் உதவிக்கு வந்திருந்த, கூடப் பயின்ற பையன்களும் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துத் தகடுகளை மூடினோம். வெயில் மறைந்ததும் அதிகாரி மீட்டரை வைத்துப் பார்த்து, "கரண்ட் இல்ல, இறங்கிருச்சு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கையை விட்டார். பெட்டியைச் சாத்தினார். சுவிட்சுக் கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுப் பூட்டினார். சாவியைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு விலகி நின்று, "இப்பத் தெளிங்கண்ணே. ஆசை தீரத் தெளிங்க" என்றார்.

மச்சினன் நாலு பேர் பார்க்கிறார்களே என்று மிச்சமிருந்த தண்ணீரைத் தெளித்தார். மஞ்சள் பூட்டின் மேல் வழிந்தது.

கீழேயிருந்து ஐயர் குரல் கொடுத்தார், நேரம் முடியப் போகிறது என்று. மண்டிக்காரர், "சரி, அந்தச் சாவிய வாங்குங்க சார்" என்றார்.

"வாங்க முடியாது சார். அவங்க போட்ட பூட்டு. அவங்கதான் திறக்கணும்."

"நீங்கதான அவுகளுக்கு வாத்தியாரு?"

"வாத்தியாரா இருந்தாலும் அதான்."

"பூட்ட ஒடச்சா?" என்றார் மச்சினன்.

அதிகாரி அப்போதுதான் அந்தப் பேச்சில் வாய் திறந்தார். "உடைச்சிக்கங்க. ஆனா இந்த வீட்டுக்கு லைன் கொடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மண்டிக்காரர் மனைவி குங்குமத் தட்டைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார். "ஏங்க, இம்புட்டு நாளா இந்தப் பொம்பள வெயில்ல கெடந்து கம்பி முறுக்கினப்ப நமக்கு ஒண்ணும் தோணல. என் கூடப்பொறந்தவன் கைய இப்பப் பிடிச்சு நிறுத்தலன்னா இந்நேரம் வீட்ல என்ன காரியம் நடந்துக்கிட்டிருக்கும்? திறக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "திறம்மா" என்றார்.

அக்கா திறக்கவில்லை. "ஈரமா இருக்குக்கா. காஞ்ச பெறகுதான்" என்றார். துப்பட்டாவால் பூட்டைத் துடைத்தார். பெட்டியைத் துடைத்தார். இடுக்குகளில் துணியைத் திணித்துத் திணித்து எடுத்தார். ஐயர் மறுபடி கூப்பிட்டார். மண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா தன் கைகளையும் துடைத்துக்கொண்டு, உலர்ந்துவிட்டதா என்று புறங்கையால் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். பெட்டியைத் திறந்து அதிகாரியிடம் மறுபடி காட்டினார். தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். சுவிட்சைப் போட்டார்.

கீழே நடுவீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்துக் குலவை போட்டார்கள். அது எங்களுக்கு மாடியில் கேட்டது. வெற்றிலை பாக்குத் தட்டைச் சாருக்குக் கொடுத்தார்கள், அதிகாரிக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அக்கா தேறினார்.

அந்தப் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் வாழ்க்கை மாறியது என்று எழுதினால் பொய். சிலர் வெயில் தாங்காமல் பழைய வேலைக்கே போனார்கள். கம்பெனி சம்பளத்தைத் தள்ளிப்போட்ட மாதங்களும் உண்டு. அக்கா நின்று பிடித்தார். தகரக் கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது. மீனா பாலிடெக்னிக் சேர்ந்தாள். அம்மா மட்டும், அக்கா வேலைக்குப் போகும் வீட்டில் விசேஷம் என்று தெரிந்தால், "முன்னால நிக்காதடி" என்று சொல்வதைக் கடைசிவரை விடவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா போவார்.

போன ஆண்டு, அக்கா முன்பு தறி ஓட்டிய அதே கூடத்துக்குத் தகடு போடும் வேலை வந்தது. பாதி வேலையில் ஒரு மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். குடலில் கட்டி முற்றியிருந்தது. வார்டில் படுத்துக்கொண்டும் போனில், "எர்த் கம்பிய மொதல்ல பாருடா, பெறகு என்னைய வந்து பாரு" என்று கூட வேலை பார்ப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களில் அந்தக் கயிறும் சாவியும் இருந்தன. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜெபராஜ் சார் வந்தார். அக்காவுக்குப் பதிலாக வேறொருவர் மீதி வேலையை முடித்துவிட்டார், எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, சுவிட்சில் மட்டும் அக்காவின் பூட்டு தொங்குகிறது என்றார். "போட்டவங்க இல்லாதப்ப, எல்லாம் பாதுகாப்பா இருக்கான்னு பார்த்து எழுதிவெச்சிட்டு எடுக்கலாம், அதுக்கு முறை இருக்கு. வெட்டியே எடுத்திருக்கலாம். கை வரல" என்றார்.

நான் சாரோடு கூடத்துக்குக் கிளம்பினேன், அம்மாவும் கூட வந்தார். கூடத்து வாசல்படியில் நின்றுவிட்டார். "சாவிய நீயே கொண்டு போடா. தறிக்குப் புதுசாக் கரண்ட் வர்ற நேரம். நான் உள்ள வரக் கூடாது" என்றார்.

உள்ளே தறி ஓட்டும் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், அக்காவோடு அடுத்தடுத்த தறியில் நின்றவர், எழுந்து வந்தார். "ஆத்தா, ஒம் மக போட்ட பூட்டு. நீ தெறக்காம வேற யாரு தெறக்கிறது? வா" என்று கையைப் பிடித்தார். முதலாளியும், "வாங்கம்மா" என்றார்.

அம்மா போனார். பூட்டின் முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உடனே திறக்கவில்லை. பூட்டில் ஈரம் ஒன்றும் இல்லை. இருந்தும் முந்தானையால் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகு திறந்தார். சார் சொன்ன கைப்பிடியைத் திருப்பினார். தறிகள் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் அம்மா அழுதது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவை வார்டில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மகளிர் குழுவினருக்கும், தறிக்கூடத்துப் பெண்களுக்கும், ஜெபராஜ் சாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பரவையில் "திறம்மா" என்று சொன்ன அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்த மலர் அவர் கைக்குப் போனால் எங்கள் நன்றி அவருக்கும் உரியது.

பூட்டைப் பயிற்சி மையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அக்காவின் பெயர் அட்டையை மட்டும் அம்மா வாங்கி வைத்திருக்கிறார். இப்போதைய அணியில் ஒரு பெண்ணிடம் அந்தப் பூட்டு இருக்கிறதாம். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, புருஷன் இருக்கிறானா என்று அம்மா கேட்கவில்லை. "சாவியப் பத்திரமா வச்சிருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணீருடன்,
தம்பி