ஆடி பதினெட்டுக்குள் ஒரு வண்டி

கார் விற்கிறவர்களுக்கு வருஷத்தில் பத்து மாதம்தான். ஆடியும் மார்கழியும் எங்கள் கணக்கில் சேராது. துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடி போட்டுக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறுகிற அதே ஆடியில், எங்கள் ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். நிலம், நகைச்சீட்டு, பாலிசி என்று எதையாவது அடுத்தவர் தலையில் கட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இந்த வலி தெரியும். நாம் வாங்கிக்கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஆவணி பொறக்கட்டும், பாப்போம்" என்று சிரித்த முகமாகக் கிளம்பிவிடுவார்கள்.

என் பெயர் மாரீஸ்வரி. அருப்புக்கோட்டையில் ஒரு கார் ஷோரூமில் வேலை. நாலு வருஷம் போன் டெஸ்க்கில் உட்கார்ந்து, "சார், உங்க வண்டிக்கு சர்வீஸ் தேதி வந்திருச்சு" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள். அப்புறம் டிரைவிங் கற்றுக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி, டெஸ்ட் டிரைவ் வண்டியை என் பொறுப்பில் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நாளைக்கு லீவு போட என்ன காரணம் சொல்லலாம் என்று யோசிப்பது நின்றது. வேலைக்குப் போக ஆசைப்படுகிற ஜாதியில் நானும் சேர்ந்தேன்.

போன ஆடிக்குச் சற்று முன்னால் கம்பெனி ஒரு புது மாடலை இறக்கியது. சாதாரணக் காரைவிட உயரம், ஜீப்பைவிட அடக்கம், நடுத்தரக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவிடக்கூடிய விலை. கம்பெனிக்காரர்கள் அதைக் கிராஸ்ஓவர் என்றார்கள். எங்கள் பக்கத்தில் 'உசரக் காரு'. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மாரி, ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்த மாடல்ல ஒரே ஒரு புக்கிங் வேணும். இல்லேன்னா டெஸ்ட் வண்டிய வேற ஆள்ட்டக் குடுத்துட்டு நீ பழையபடி போன்ல உக்காந்துக்க" என்றார். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் ஜனங்கள் தோஷம் பார்க்காமல் புதுப்பொருள் வாங்குவார்கள். அதுதான் அவர் கணக்கு. குண்டாற்றில் மணலைத் தவிர எதுவும் ஓடாத சீமையில், பெருக்கை நம்பி என் பிழைப்பைக் கட்டிவிட்டார்.

வெயில் பரீட்சை

முதலில் வந்தவர் திருச்சுழிக்காரர், உரக்கடை வைத்திருப்பவர். மனைவி, காலேஜ் படிக்கிற மகளோடு வந்தார். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நான் டச் ஸ்கிரீனில் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். வண்டிய எங்க ஊருக்குக் கொண்டாந்து வெயில்ல நிப்பாட்டும்மா." நிறுத்தினேன். பதினொரு மணிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியை ஒரு மணிவரை இறக்கவில்லை. பிறகு குடும்பத்தோடு உள்ளே ஏறி, ஏ.சி.யைப் போடச் சொல்லி, கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. பேசினால் மூச்சுச் சூடு கலந்துவிடுமாம். மூணாவது நிமிஷம் மகள் துப்பட்டாவால் விசிறுவதை நிறுத்தினாள். ஐந்தாவது நிமிஷம் அம்மா சாய்ந்து கண்ணை மூடினார். "பாஸு" என்றார் உரக்கடைக்காரர். எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதுகூட அப்படிச் சந்தோஷம் இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் புக்கிங் கிடைத்திருக்கும். உற்சாகத்தில் பட்டனை அமுக்கி, மேலே இருக்கும் சன்ரூஃபைத் திறந்து காட்டினேன். உச்சி வெயில் நேராக அவர் வழுக்கையில் இறங்கியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு நிமிசம் கஷ்டப்பட்டு வெளிய தொரத்துன வெயில, ஓட்டையப் போட்டு உள்ள கூப்பிடுறீக, இதுக்குத் தனியா வெல வேற வெச்சிருக்கீகளாம்மா?"

சேலை பண்டலும் சீட்டுக் கவரும்

அடுத்தது அருப்புக்கோட்டையிலேயே ஒரு நெசவாளர் வீடு. தறி போட்டு ஜவுளி வியாபாரமும் பார்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு. வண்டிக்குள் ஆள் ஏறுவதற்கு முன்னால் டிக்கியில் சேலை பண்டல்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஆறு பண்டல் போயிற்று. ஏழாவதுக்கு இடமில்லை. மூத்தவர் பின்சீட்டைக் காட்டி, "ஏழாவத மடியில வெச்சுக்கிறலாம்" என்றார். அவர் சம்சாரம், யார் மடியில் என்று கேட்டதும் அவர் டிக்கிக் கதவை ஆராயப் போய்விட்டார்.

பிறகு என்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்குள் தெலுங்கில் ஆலோசனை நடந்தது. சின்ன வயதில் நாங்கள் குடியிருந்தது அவர்கள் தெருவுக்குப் பின்தெரு; தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சீட்டுக் கவரை இலவசமாகக் கேட்பது, இல்லையென்றால் எழுந்து போவதுபோல் பாவனை செய்வது, தம்பி சமாதானம் செய்வதுபோல் நடித்துத் தரைவிரிப்பையும் சேர்த்துக் கறப்பது என்று முழுத் திட்டமும் என் எதிரிலேயே தயாரானது. நானும் விட்டத்தைப் பார்த்தபடி கல்லுப் பிள்ளையாராக இருந்தேன். அப்போது மூத்தவர் சம்சாரம், பாவம் இந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டதோ என்னவோ என்று தெலுங்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்தேன். "தின்னானக்கா" என்று, சாப்பிட்டுவிட்டதைத் தெலுங்கிலேயே சொல்ல வாய் தானாகத் திறந்துவிட்டது. சீட்டுக் கவரைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை; வண்டியைப் பற்றியும் பேசவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிய மூத்தவர்தான் ஆற்றாமல் கேட்டார்: "தெலுங்கு தெரியும்னு வரும்போதே சொல்லப்படாதாம்மா? இனி நாங்க வீட்டுக்குள்ள பேசி முடிவெடுக்க எந்தப் பாசையத் தேடிப் போறது?"

முள்ளுக்குள் ஊர்வலம்

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி போடுகிற ஒரு சம்சாரி. அவருக்கு மைலேஜ் வேண்டாம், ஏ.சி. வேண்டாம், வண்டி தோட்டத்துக் கிணறுவரை போகணும், அவ்வளவுதான். போகிற பாதையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தோளோடு தோள் உரசி நிற்கிறது. டெஸ்ட் வண்டியில் ஒரு கோடு விழுந்தாலும் மேனேஜர் என் முகத்தில் முழிக்கமாட்டார் என்று அவரிடம் சொன்னேன். நல்ல மனுஷன். "நீங்க பயப்படாம வாங்க" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் மனைவி இடதுபக்கக் கொப்பை இழுத்துப் பிடித்தார், கொழுந்தியாள் வலதுபக்கம். இரண்டு பிள்ளைகள் பின்னால் வந்து, கண்ணாடியில் முள் படாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆக மொத்தம், குடும்பம் முழுவதும் வெயிலில் நடக்க, நான் ஒருத்தி மட்டும் குளுகுளுவென்று ஏ.சி.யில் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் நெற்றி வியர்வையை வழித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டி சூப்பராத்தான் வருது. ஆனா இது வரணும்னா நாங்க அஞ்சு பேரும் நடக்கணும்போல தெரியுதே!"

ஆடி பார்க்காத வீடு

பதினெட்டுக்கு இன்னும் ஐந்து நாள். எனக்குக் கனவில்கூட போன் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது: முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த வீரசோழனில் யார் ஆடி பார்க்கப்போகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து ஊரோடு வந்து கடை வைத்திருக்கும் ஒரு பாய், முன்னமே போனில் விசாரித்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாய்க்கு எல்லாமே பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கார்ல ஏறினா வாந்தி வந்துரும். அவுகளுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றார். அந்த அம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் பாலித்தீன் பையோடு போர்க்களத்துக்குப் போகிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

தலையில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு நடப்பதுபோல ஓட்டினேன். பள்ளம் வந்தால் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறக்கினேன். நரிக்குடி தாண்டியது, எலுமிச்சம்பழம் மடிக்கு இறங்கியது. திருச்சுழி வந்தது, அந்த அம்மா மகளின் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். புக்கிங் கைக்கு வந்துவிட்டது என்று என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பும்போது பாய், "நான் ஓட்டிப் பாக்கிறேம்மா" என்று உட்கார்ந்தார். முதல் வளைவில் கதை நின்றது. இரண்டாவது வளைவில் எலுமிச்சம்பழம் மேலே வந்தது. மூன்றாவது வளைவைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவியது நான்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு, புருஷன் காதில் விழும்படியாகவே அந்த அம்மா சொன்னார்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நீ ஓட்டுனா கத பேச வருது, இவுக ஓட்டுனா வாந்தி வருது. வண்டியோட உன்னையும் சேத்துக் குடுப்பாகளான்னு கேட்டுச் சொல்லு."

பின்சீட்டில் ஒரு டீச்சர்

ஆடி பதினேழு. எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. கணவர் அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனைவி நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவர். ஒன்றை விட்டால் மற்றது கிடைக்காது, வீடு வந்து சேர இருட்டிவிடும் என்று கணவர்தான் சொன்னார். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவையும் கணவரிடம் சாவியை நீட்டினேன். "நீங்களே ஓட்டுங்கம்மா, நான் உக்காந்து பாக்கிறேன்" என்று அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டீச்சர் பின்சீட்டில் நடுவாக உட்கார்ந்து, என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். புதுச் செருப்பைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கினேன் என்றுகூடச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் வைக்கிற இடம், பிள்ளைகள் கதவைத் திறக்காமல் பூட்டுகிற வசதி, பொட்டு சரிசெய்துகொள்ளச் சின்னக் கண்ணாடி என்று, பெண்களுக்கு என்று கம்பெனி ஒதுக்கிய விஷயங்களை எல்லாம் டீச்சரிடம் சொல்லி முடித்தேன். இன்ஜின், பவர், சர்வீஸ் எல்லாம் கணவரிடம்.

மூன்றாவது தடவையும் கணவரிடம்தான் சாவியை நீட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஓர் அடி பின்னால் நகர்ந்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து வண்டியின் பானெட்டின்மேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மூணு தடவ வந்தாச்சு. மூணு தடவையும் சாவிய இவுக கையிலதான் குடுக்கிறீக. இவுகளுக்கு மொபெட்டுக்கு மேல எதுவும் ஓட்டத் தெரியாது. மே மாச லீவுல படிச்சு லைசென்ஸு எடுத்தது நான், ஓட்டப்போறதும் நான். ஒரு பொம்பளப்பிள்ள வண்டி ஓட்டிக் காட்டுதுன்னு கேள்விப்பட்டுத்தான் இந்த ஷோரூமுக்கு வந்தேன். நீங்களாவது கேப்பீகன்னு பாத்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெட்ரோல் பங்கில், டீக்கடையில், செக்போஸ்டில், 'டிரைவர் எங்கம்மா?' என்று கேட்டவர்களையெல்லாம் முறைத்துவிட்டு வந்தவள் நான். வெட்கமாக இருந்தது, சும்மா இல்லை, கண்ணில் நீர் கட்டுகிற அளவுக்கு. மன்னிப்புக் கேட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். சீட்டை உயர்த்துகிற லீவரை அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவருக்குக் காட்டினேன். பானெட்டின் முனை தெரிகிறதா, சேலை கட்டிக்கொண்டு கிளட்சை முழுதாக மிதிக்க வருகிறதா, ஆள் இல்லாத ரோட்டில் நின்றுபோனால் உதவிக்கு எந்த நம்பர் என்று அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இல்லை. திருச்சுழி ரோட்டில் வண்டி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை கிளம்பியது, பாலம் தாண்டிப் போய் ஒரே மூச்சில் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றிய கையோடு வந்து, தன் பெயரில் புக்கிங் பாரத்தை நிரப்பினார். டீச்சர் கையெழுத்துப் போடுகிற நேரத்தில், பாத்திரக்கடைக்காரர் மெதுவாக என்னிடம் குனிந்து கேட்டார்: "நேத்து ஒரு தடவ வேகமாப் போகாதன்னு சொன்னேன், இறங்கி நடந்து வாங்கன்னுட்டா. பின்சீட்டுல உக்காந்தா பயம் கொஞ்சம் கம்மியா இருக்குமாம்மா?"

டெஸ்ட் வண்டி இன்றைக்கும் என் பொறுப்பில்தான் இருக்கிறது, சாவியை நீட்டுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் "ஓட்டப்போறது யாரு?" என்று கேட்டுவிடுகிறேன், அதற்கு ஒரு வீட்டில் ஒரே பதில் வருவதற்குள் உரக்கடைக்காரர் வண்டியைக் குளிர வைத்ததைவிட அதிக நேரம் ஆகிறது.